மதில் இழந்த முட்டை

அத்தியாயம் 4

இந்த உலகத்தில் நடந்த கொலை, கொள்ளை, ஆள்மாறாட்டம் அத்தனையையும் ஒன்றாகக் குவித்தாலும், ஓர் உயிர் உருவாகும் அந்த ஒரு கணத்தின் மர்மத்துக்கு ஈடாகாது. அந்த மகா மர்மத்தின் வாசலில், இன்று காலை பத்து மணிக்கு, ஒரு மனிதர் தன்னந்தனியாக நின்றார்.

இந்த வாக்கியங்களைத் துப்பறிவாளர் மனத்துக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. பிற்காலத்தில் யாராவது அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுத முன்வந்தால் (யாரும் வராவிட்டால் அவரே எழுதிக்கொள்வதாக உத்தேசம்) ஓர் அத்தியாயத்தை இப்படியே ஆரம்பித்துவிடலாம். 'தன்னந்தனியாக' என்பதை மட்டும் அடித்துவிட வேண்டும். பக்கத்தில் மைத்துனி நின்றுகொண்டிருந்தாள்.

"அத்தான், ரெண்டு உறையையும் ஒரே கால்ல மாட்டியிருக்கீங்க" என்றாள் அவள்.

குனிந்து பார்த்தார். உண்மைதான். ஆராய்ச்சிக்கூடத்துக்குள் போகிறவர்கள் செருப்புக்கு மேல் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை இரண்டும் இடது காலிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. இரவல் வாங்கிய வெள்ளை அங்கியோ வேறு யாருக்கோ தைத்தது. பொத்தானைப் போட்டால் மூச்சு விட முடியவில்லை. மூச்சு விட்டால் பொத்தான் நிற்கவில்லை.

"சிந்தனையில் இருந்தேன்" என்றார் கம்பீரமாக.

"தெரியுது. உதடு அசைஞ்சுது."

தெருவில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். கேலியாக வைத்த பெயரை அவர் விருதாக எடுத்துக்கொண்டார். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். அது இதுவரை மிகவும் பயன்பட்டது மருந்துச் சீட்டில் உள்ள சின்ன எழுத்தைப் படிக்கத்தான். மைத்துனி அவருடைய மனைவியின் தங்கை. கல்லூரியில் விலங்கியல் படித்தவள். வேலை கிடைக்கும்வரை அத்தானுக்கு உதவியாக இருப்பதாகச் சொல்லி வந்தவள். நாலு வருடம் ஆகிறது.

இந்த வழக்கு மூன்று நாளைக்கு முன்னால் ஒரு தையற்காரியின் வடிவில் வீட்டுக்கு வந்தது. "என் வீட்டுக்காரர் முட்டையைக் கெடுக்கறாருன்னு பழி போடறாங்க சார்" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூதக்கண்ணாடி உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, எத்தனை டஜன், கூடையிலா குளிர்பெட்டியிலா, வீட்டில் பூனை உண்டா என்று அரை மணி நேரம் விசாரித்தார். பூனையின் மேல் வலுவான சந்தேகம் விழுந்த நேரத்தில்தான், அது எலியின் முட்டை என்று அவள் சொன்னாள்.

"எலி முட்டை போடாது அம்மா" என்றார் அவர், மிகுந்த கருணையோடு.

"போடாது அத்தான், ஆனா வயித்துக்குள்ள இருக்கும். எல்லாப் பாலூட்டிக்கும் இருக்கும். நீங்களும் ஒரு முட்டையிலேருந்துதான் வந்தீங்க" என்றாள் மைத்துனி. அந்தச் செய்தி செரிக்க அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று.

மூன்றாவது நாள் இன்று. பிற்பகல் மூன்று மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. பத்தொன்பது வருடமாக இந்தக் கூடத்தில் எலி வளர்த்து, முட்டை எடுத்துக் கொடுத்து வந்த தையற்காரியின் கணவரை, 'நாசவேலை' என்று காகிதத்தில் எழுதி வெளியே அனுப்பப் போகிறார்கள். அந்த ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டால் அதற்குப் பிறகு எந்தக் கூடத்திலும் ஒரு கூண்டைக் கழுவக்கூட அவரைக் கூப்பிட மாட்டார்கள். தையற்காரி கீழே வாசலில் காத்திருந்தாள். கையில் தைக்க வந்த ஒரு சட்டை; ஆனால் ஊசியில் நூல் கோக்கவே இல்லை.

கூடத்துக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஐம்பது வயசுக்கு ஒல்லியாக, மரத்தூள் வாசனையோடு, மூலையில் எழுந்து நின்றவர் எலிக்காரர். அங்கே எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இன்னொருத்தி ஆய்வு மாணவி, ஐந்தாவது வருடம், தூக்கமில்லாத கண், விரல் நுனியெல்லாம் சாயம்.

"சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்றார் பூதக்கண்ணாடி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. அது நாற்காலி அல்ல, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற முக்காலி. அவர் உட்கார்ந்ததும் புஸ்ஸென்று கீழே போயிற்று. மற்றவர்களின் முழங்கை மட்டத்திலிருந்து விசாரணை தொடங்கியது.

"முட்டையைச் சுத்தி ஒரு கெட்டியான உறை இருக்கு சார், மதில் மாதிரி" என்றாள் மாணவி. "அதுக்குள்ள முட்டையோட சொந்தத் தோல். அந்தத் தோல் மேல ஒரு புரதம் நீட்டிக்கிட்டு நிக்கும். ஜூனோன்னு பேரு. விந்தணுவோட தலையில இன்னொரு புரதம் இருக்கு, இசுமோ. அது ரெண்டும் ஒண்ணையொண்ணு பிடிச்சாத்தான் விந்தணு முட்டையோட சேர முடியும். பிடிக்கலேன்னா, வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான்."

"அதாவது, ஜூனோ என்பது காவலாளி."

"காவலாளி இல்ல அத்தான்" என்றாள் மைத்துனி. "கல்யாண வாசல்ல நின்னு கையைப் பிடிச்சு 'வாங்க வாங்க'ன்னு உள்ள கூட்டிட்டுப் போவாங்களே, அவங்க. அவங்க இல்லாததால நீங்க ஒரு கல்யாணத்துல கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாம வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அது வேறு விஷயம்."

"அதே விஷயம்தான். விந்தணுவுக்கும் அவ்வளவுதான் மரியாதை தேவைப்படுது."

மாணவி சிரித்துவிட்டாள். "பேரு வச்சவங்களும் கல்யாண நினைப்புலதான் வச்சிருக்காங்க. ஜூனோ கல்யாணத்துக்கான தேவதை. இசுமோ, ஜோடி சேரணும்னு வேண்டிக்கிற ஒரு கோயிலோட பேரு."

அவர்கள் செய்கிற சோதனை எளிமையானது. முட்டையை ஒரு சொட்டுத் திரவத்தில் விடுகிறார்கள். திரவம் மதிலைக் கரைத்துவிடும். சுமார் ஒரு நிமிடம். உடனே எடுத்துக் கழுவி, விந்தணுவை விட்டு, எத்தனை சேர்ந்தன என்று எண்ணுகிறார்கள். இருபது முட்டைக்குப் பதினாறு, பதினேழு சேரும். ஆனால் கடந்த மூன்று மாதத்தில் ஆறு நாட்கள், இருபதுக்குப் பூஜ்யம். அந்த ஆறு நாளும் முட்டையைக் கையாண்டவர் எலிக்காரர்.

மாணவி இரண்டு படங்களைக் காட்டினாள். ஜூனோ இருக்கும் இடத்தை ஒளிர வைக்கும் சாயம் போட்டு எடுத்தவை. நல்ல நாள் முட்டையின் விளிம்பில் பச்சையாக ஒரு வளையம் பளபளத்தது. கெட்ட நாள் முட்டையில் ஒன்றுமே இல்லை, இருட்டு.

பூதக்கண்ணாடிக்கு உடம்பு சிலிர்த்தது. "வளையத் திருட்டு!" என்று எழுந்தார். முக்காலி அவரோடு கொஞ்ச தூரம் எழுந்து வந்தது. "யாரோ ஒரு பலே கை, முட்டையைத் தொடாமல், முட்டைக்குக் காயம் இல்லாமல், அதன் மேலிருந்த நகையை மட்டும் கழற்றியிருக்கிறது. எதிரிக் கூடத்தின் கைக்கூலி! அல்லது அஞ்சல் வழியாக வந்த மர்ம மருந்து!"

பிறகு ஒரு மணி நேரம் அவர் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முட்டைகளை வெதுவெதுப்பாக வைக்கும் பெட்டியின் கைப்பிடியில் சந்தேகத்துக்குரிய ஒரு கைரேகையைக் கண்டுபிடித்தார், அது அவருடையது. ஜன்னல் தாழ்ப்பாளைச் சோதித்தார். அது சுவரில் வரைந்த ஜன்னல். கடைசியில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, "ஆகா! பார்த்துவிட்டேன். கறுப்பாக, நீளமாக, வளைந்து... என்ன ஒரு கம்பீரம்! இதோ துடிக்கிறது!" என்று முழங்கினார்.

"சார்" என்றார் எலிக்காரர், அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்து, மிக மெதுவாக. "அதுல இன்னும் தட்டே வைக்கல சார். அது உங்க இமை முடி."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பேராசிரியை வந்தார்.

அவர் வந்தார் என்பதைவிட அவருடைய அறிமுகம் வந்தது என்று சொல்லலாம். நாலு விருதுகள், இரண்டு கௌரவப் பட்டங்கள், தலைமை தாங்கிய மாநாடுகள் எல்லாம் வரிசையாக நுழைந்து முடிந்த பிறகு அவர் மூச்சு விட்டார். சுவரில் அவர் விருந்தாளிகளோடு நிற்கும் படங்கள் சட்டத்துக்குள் மாட்டியிருந்தன. எல்லாப் படத்திலும் ஒரே கோணம், ஒரே புன்னகை, ஒரே நீட்டிய கை. விருந்தாளிகள் மட்டும்தான் மாறினார்கள்.

"என் கூடத்தில் தவறு நடக்காது" என்றார் பேராசிரியை. "ஆகவே நடந்தது தவறாக இருக்க முடியாது, சதியாகத்தான் இருக்க வேண்டும். ஆறு நாள். அதே கை. இதற்கு மேல் என்ன துப்பு?"

பூதக்கண்ணாடிக்கு அந்தத் தர்க்கம் ரொம்பப் பிடித்துப் போயிற்று. அவரே அந்த இடத்தில் இருந்தால் அப்படியேதான் சொல்லியிருப்பார். சொல்லப்போனால் இரண்டு மூன்று வழக்குகளில் சொல்லியும் இருக்கிறார். எலிக்காரர் தலை நிமிரவே இல்லை. அவர் கை மட்டும் மேஜை விளிம்பில் இருந்தது. ஒரு நடுக்கமும் இல்லாத கை.

பேராசிரியை போன பிறகு மைத்துனி மாணவியின் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டே, "அத்தான், இதைப் பாருங்க" என்றாள். 'மதில் கரைந்த நேரம்' என்று ஒரு பத்தி. ஐம்பத்து நாலு விநாடி. அறுபத்தொன்று. ஐம்பத்தெட்டு. அறுபத்து மூன்று. ஐம்பத்தேழு. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எண். கெட்டுப்போன ஆறு நாளில் மட்டும் அறுபது, அறுபது, அறுபது, அறுபது, அறுபது, அறுபது.

"அற்புதம்!" என்றார் அவர். "அந்த ஆறு நாளில்தான் வேலை துல்லியமாக நடந்திருக்கிறது. ஆக, நேரத்தில் எந்தத் தவறும் இல்லை. அந்தப் பத்தியை விட்டுவிடலாம்."

மைத்துனி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அத்தான், வேலை முடிஞ்சு நேரா வீட்டுக்கு வந்த நாள்ல, எப்ப வந்தீங்கன்னு அக்கா கேட்டா என்ன சொல்வீங்க?"

"ஆறு பத்து, ஆறே கால், ஆறு இருபத்திரண்டு... எப்போது வந்தேனோ அது."

"நேரா வராத நாள்ல?"

"சரியாக ஆறு மணி."

சொல்லி முடித்ததும் அவருக்கே வாய் திறந்தபடி நின்றது. இந்த விவரம் வீட்டுக்குப் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பது முதல் கவலை. வழக்கு இரண்டாவது கவலை.

இருவரும் ஒரே நேரத்தில் மாணவியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்துபோயிற்று.

"நான் பார்க்கல" என்றாள். "நேரம் பார்க்கறது என் வேலைதான். ஆனா அந்த நாள்ல எல்லாம் என் கையில கேமரா இருந்துச்சு. வெளியிலேருந்து பெரிய மனுஷங்க வந்தா, மதில் கரையறதைப் பெரிய திரையில போட்டுக் காட்டச் சொல்வாங்க மேடம். பார்க்க அழகா இருக்கும். கோட்டை விழற மாதிரி. மேடம் 'இதோ, மதில் விழுகிறது!'ன்னு சொல்வாங்க. எல்லாரும் கை தட்டுவாங்க. அப்புறம் மேடம் நாலு வார்த்தை பேசுவாங்க. நான் படம் எடுப்பேன். அப்புறமா குறிப்பேட்டுல ஒரு நிமிஷம்னு எழுதிடுவேன்... எப்பவும் ஒரு நிமிஷம்தானே."

"அந்தத் திரவத்துல கூடுதல் நேரம் இருந்தா?" என்றாள் மைத்துனி.

மாணவி திரவப் புட்டியைக் கையில் எடுத்தாள். "அது புரதத்தைத் தின்கிற நொதி. முதல்ல மதிலைத் தின்னும். மதில் தீர்ந்துட்டா..." அவள் பச்சை வளையம் இருந்த படத்தைப் பார்த்தாள். "அடுத்தது தோல் மேல நீட்டிக்கிட்டு இருக்கிறதைத்தான் மேயும்."

கேமராவை எடுத்தார்கள். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் நேரம் பதிந்திருந்தது. முதல் படத்தில் பேராசிரியை கை நீட்டுகிறார். பின்னால் திரையில் முட்டைகளின் மதில் கரைகிறது. கடைசிப் படத்தில் பேராசிரியை இன்னும் கை நீட்டிக்கொண்டிருக்கிறார். பின்னால் திரையில் அதே தட்டு, அதே சொட்டு, மதில் இல்லாத அதே முட்டைகள். நடுவில் ஏழு நிமிடம். இன்னொரு நாள் ஆறு. இன்னொரு நாள் எட்டு. வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார்கள். கெட்டுப்போன ஆறு நாளும் விருந்தாளி வந்த ஆறு நாள்தான். மற்ற எந்த நாளிலும் விருந்தாளி இல்லை.

பூதக்கண்ணாடி எலிக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்கள்தான் அங்கே உட்கார்ந்திருந்தீர்கள். எடுத்திருக்கலாமே?"

"வாயில குழாய் இருந்துச்சு சார்."

அவர் எடுத்துக் காட்டினார். ஒரு மெல்லிய ரப்பர் குழாய். ஒரு முனையில் முடியைப் போல மெல்லிய கண்ணாடிக் குழல், மறுமுனை வாயில். மெல்ல உறிஞ்சினால் முட்டை ஏறும். மெல்ல ஊதினால் இறங்கும். அவ்வளவு சின்ன முட்டையைத் தூக்க இதைவிட நயமான வழி இல்லை. ஆனால் வேலை நடக்கும்போது வாய் திறக்க முடியாது.

"நான் சொல்றவரைக்கும் எடுக்காதேன்னு மேடம் சொல்லியிருந்தாங்க. முதல் தடவை, நேரம் ஆயிடுச்சேன்னு கையைத் தூக்கினேன். நான் வணக்கம் சொல்றேன்னு நினைச்சு, மேடம் எல்லாரையும் எனக்குக் கை தட்டச் சொன்னாங்க. நாலாவது தடவை எழுந்தே நின்னேன். 'எவ்வளவு அடக்கம் பாருங்கள்'னாங்க. படம் கூட இருக்கு."

இருந்தது. படத்தில் எலிக்காரர் வாயில் குழாயோடு எழுந்து நிற்கிறார். சுற்றிலும் கைதட்டல்.

"எல்லாம் முடிஞ்ச பிறகாவது சொல்லியிருக்கலாமே அண்ணே?" என்றாள் மைத்துனி.

"என்னன்னு சொல்றதும்மா? பேச்சு நீளம்னா? பத்தொன்பது வருஷத்துல அதை இங்க யாரும் சொன்னதில்ல. என் கை நடுங்காதுன்னுதான் விருந்தாளி வர்ற நாள்ல என்னையே உட்கார வைப்பாங்க. அந்தப் பெருமையில நானும் இருந்துட்டேன். இப்ப அதே கையைத்தான் காட்டறாங்க."

மைத்துனி படங்களை வரிசையாக அடுக்கினாள்.

"படத்தையும் பதிவேட்டையும் குழு முன்னால வச்சுட்டா முடிஞ்சுது அத்தான்" என்றாள் மைத்துனி.

"வைத்தால் என்ன ஆகும்? பேராசிரியை பேச ஆரம்பிப்பார்" என்றார் பூதக்கண்ணாடி. இது அவர் அன்று சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வாக்கியம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இல்லை. கண்முன்னால் நிரூபிக்க வேண்டும். குழுவை ஒரு மணிக்கே இங்கே வரச் சொல். அதே எலிக்காரர், அதே கை, அதே திரவம். ஆனால் பேச்சு கிடையாது. பரிபூரண மௌனம். ஒரு நிமிடம் ஆனதும் நான் கையை அசைப்பேன், அவர் எடுப்பார். மூன்று மணிக்கு முட்டைகளே சாட்சி சொல்லும்."

"நீங்க கையை அசைப்பீங்க" என்றாள் மைத்துனி, ஒவ்வொரு வார்த்தையாக.

"ஆமாம்."

"பேசாம."

"ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

மைத்துனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்காவின் கல்யாணத்தில் அவர் சொன்ன நன்றியுரை அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு மணப்பெண் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். பிறகு மாணவியின் காதோரம் குனிந்து ஏதோ சொன்னாள். மாணவி தலையை ஆட்டிக்கொண்டு, எலிக்காரர் அன்று காலை எடுத்து வைத்த முட்டைகளில் பாதியைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனாள். பெண்கள் ஏதோ ஒதுங்க வைக்கிறார்கள் என்று பூதக்கண்ணாடி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மணிக்குக் குழு வந்தது. பேச்சு நீண்ட நாளில்தான் முட்டை கெட்டது என்ற வாதத்தை மைத்துனி முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வு பெறும் வயதில், எதையும் எழுதிக்கொள்ளும் பழக்கமுள்ளவர். பேராசிரியை ஓரமாக, மன்னிக்கும் புன்னகையோடு நின்றார். மைத்துனி சுவரோரம், கையில் நிறுத்தக் கடிகாரத்தோடு. எலிக்காரர் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து, குழாயை வாயில் வைத்து, இருபது முட்டையைச் சொட்டுக்குள் இறக்கினார். திரையில் மதில்கள் தெரிந்தன. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்படி ஒரு மௌனத்தைப் பூதக்கண்ணாடி தம் வாழ்நாளில் பார்த்ததில்லை. எல்லாக் கண்ணும் அவர் மேல். இந்த மௌனத்தின் அருமை இவர்களுக்குப் புரிகிறதா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. புரியாமல் போனால் பாழாய்ப் போகுமே. இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

"பெரியோர்களே" என்றார். "இங்கே நான் எதுவும் பேசப் போவதில்லை. ஏன் பேசப் போவதில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்."

சொன்னார். அவருடைய ஞாபகத்தில் அது இரண்டே வாக்கியம். முதலாவதில், உயிரின் வாசலில் இரண்டு புரதங்கள் கைகோக்கும்போது அவை பேசுவதில்லை என்பதை விளக்கினார். இரண்டாவதில், மனிதகுலம் இழந்துவிட்ட அடக்கத்தைப் பற்றித் தொட்டுக் காட்டினார். நடுவில் தம்முடைய பழைய வழக்கு ஒன்று, உதாரணத்துக்கு. எலிக்காரர் கையைத் தூக்கியது அவர் கண்ணில் பட்டது. ஆமோதிக்கிறார் என்று நினைத்து அவருக்குத் தலையசைத்தார். எலிக்காரர் எழுந்து நின்றார். "பாருங்கள், இந்த எளிய மனிதரின் உணர்ச்சியை!" என்றார் பூதக்கண்ணாடி. குழுவில் ஒருவர் கை தட்டினார்.

கடைசியில்தான் கையை அசைத்தார்.

மூன்று மணிக்கு விளக்கை அணைத்தார்கள். முட்டையோடு சேர்ந்த விந்தணுவின் தலை நீலப் புள்ளியாக ஒளிரும். அதைத்தான் எண்ண வேண்டும். திரையில் இருபது முட்டை. இருபதும் உயிரோடு, உருண்டையாக, அழகாக இருந்தன. சுற்றிலும் விந்தணுக்கள் வந்தன, முட்டின, பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் நழுவின. ஒரு நீலப் புள்ளி கூட இல்லை.

"பூஜ்யம்" என்றார் குழுத் தலைவர்.

"அதே கை!" என்றார் பேராசிரியை. "இன்றைக்கு நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நீங்களே பார்த்தீர்கள்."

பூதக்கண்ணாடிக்குக் காது சுட்டது. எதையாவது சொல்ல வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை. எலிக்காரர் குழாயைச் சுருட்டி, உறையில் போட்டு, மேஜை மேல் நேராக வைத்தார். தம்முடையதல்லாத ஒரு சாமானைத் திருப்பிக் கொடுப்பதுபோல வைத்தார். எதிர்ச் சுவரில் இருந்த நிஜ ஜன்னல் வழியாகக் கீழே வாசல் தெரிந்தது. தையற்காரி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். எலிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"அவசரப்படாதீங்க. இன்னொரு தட்டு இருக்கு" என்றாள் மைத்துனி.

மாணவி பக்கத்து அறையிலிருந்து அதைக் கொண்டுவந்தாள். திரையில் வைத்ததும் முதல் முட்டையிலேயே நீலமாக ஒரு புள்ளி. அடுத்ததில் இன்னொன்று. குழுத் தலைவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் விரலால் தொட்டு எண்ணினார். இருபதில் பதின்மூன்று.

"இது யார் எடுத்த முட்டை?"

"எலிக்காரர் அண்ணன்தான் சார். அதே எலிங்க, அதே காலை, அதே புட்டித் திரவம். பாதி அங்க, பாதி இங்க."

"மதிலைக் கரைத்தது?"

"நான். என் கை நடுங்கும். அதான் பதின்மூணு. அண்ணன் செஞ்சிருந்தா பதினேழு வந்திருக்கும்" என்றாள் மாணவி. பிறகு குறிப்பேட்டை நீட்டினாள். "அம்பத்தொன்பது விநாடி. கடிகாரத்தைப் பார்த்து எழுதினது. அந்த ஆறு அறுபதும் பொய் சார். என் பொய். அதையும் எழுதிக்கோங்க."

"அந்த அறையில் யார் பேசினார்கள்?"

"யாரும் பேசல."

மைத்துனி வருகைப் பதிவேட்டையும் ஆறு நாள் படங்களையும் மேஜை மேல் வரிசையாகப் பரப்பினாள். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்தின் மூலையாகப் பார்த்தார். வாயில் குழாயோடு எழுந்து நின்ற எலிக்காரரின் படத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றார். பிறகு பேராசிரியையைப் பார்த்தார்; பிறகு பூதக்கண்ணாடியைப் பார்த்தார். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாதிரி இருந்தது.

"புரிகிறது" என்றார். "இன்றைக்கு இந்த ஐயா ஒரு செய்முறை விளக்கம் செய்து காட்டியிருக்கிறார்."

அந்தக் கணத்தில் பூதக்கண்ணாடிக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. எல்லாம் என் திட்டம்தான், வேண்டுமென்றே பேசினேன், என்று சொல்லிவிடலாம். அங்கே இருந்த பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். உதடு வரைக்கும் அது வந்தும் விட்டது. மைத்துனி அவரைப் பார்த்தாள். எலிக்காரரும் பார்த்தார்.

"இல்லைங்க" என்றார் பூதக்கண்ணாடி. "கையை அசைக்க மறந்துட்டேன்."

குழுவின் முன் அவர் பேசியதிலேயே அதுதான் சின்ன வாக்கியம். குழு அதை உடனே நம்பியது.

பேராசிரியை எழுந்தார். எல்லாரும் ஒரு பெரிய பேச்சுக்குத் தயாராகி நிமிர்ந்தார்கள். எலிக்காரர் பழக்கதோஷத்தில் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆனால் பேராசிரியை படங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். ஆறு படம் பார்த்து முடித்ததும், எலிக்காரர் பக்கம் திரும்பி, "முதல் தடவையே என் பேச்சை வெட்டியிருக்கலாம்" என்றார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"வாயில குழாய் இருந்துச்சு மேடம்" என்றார் எலிக்காரர்.

தலைவர் எழுத ஆரம்பித்தார். எலிக்காரர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. நாசவேலை என்ற சொல் எல்லாக் காகிதத்திலிருந்தும் நீக்கப்படுகிறது. இனிமேல் நேரம் பார்க்கிறவர் கையில் கேமரா கொடுக்கக் கூடாது. எலிக்காரர் கையைத் தூக்கினால் யாராக இருந்தாலும் வாயை மூட வேண்டும். எலிக்காரர் கடைசி வரியைக் கேட்டுவிட்டு, கூண்டுகளுக்குத் தண்ணீர் வைக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். போகிற வழியில் ஜன்னலோரம் நின்று, கீழே பார்த்துக் கையை ஆட்டினார். தையற்காரி சட்டையை மடியில் போட்டுவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"காரணம் என்று ஒன்று எழுத வேண்டுமே" என்றார் தலைவர். "முட்டையின் மேலிருந்த புரதம் அழிந்ததற்குக் காரணம், திரவத்தில் அளவு மீறிய நேரம். எவ்வளவு நேரம்?"

"என்னுடையது ஆறு, ஏழு, மிஞ்சிப்போனால் எட்டு" என்றார் பேராசிரியை அவசரமாக. "அதைத் தனியாகக் குறிக்க வேண்டும். இவரோடு சேர்த்து எழுதக் கூடாது."

தலைவர் தலையசைத்து, பேனாவைப் பிடித்தபடி மைத்துனியைப் பார்த்தார். அவள் நிறுத்தக் கடிகாரத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

மௌனத்தைப் பற்றித் துப்பறிவாளர் பேசியது பதினாலு நிமிடம், இருபத்து மூன்று விநாடி.